பதினெட்டு டிகிரி ஆப்பு

அன்பு மகனுக்கு,

இதனால் திண்டுக்கல் நகரத்துப் பெருமக்களுக்கும், சுற்றுவட்டாரத்து விறகுக்கடை உரிமையாளர்களுக்கும், இன்னும் பிறக்காத உனக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் விறகு பிளக்கும் மெஷினுக்குப் புதிதாக ஓர் ஆப்பு வைக்கப்பட்டிருக்கிறது. மெஷின் நலம். ஆப்பும் நலம். வைத்தவனாகிய உன் அப்பன் தேவைக்கு மேல் நலம். இந்த நன்னாளை முன்னிட்டு ஒருநாள் விடுமுறை கேட்டேன்; எங்கள் பாலிடெக்னிக்கில் யாருக்கும் வரலாற்று உணர்வு இல்லை. உலகத்தில் ஆப்பு வைத்தவர்கள் பலர், வாங்கியவர்கள் அதைவிடப் பலர். பெற்ற தகப்பனுக்கு ஆப்பு வைத்து, அதற்காக அவரிடமே பாராட்டும் வாங்கியவன் நான் ஒருவன்தான் இருப்பேன். என்னோடு படிக்கிறவர்கள் எல்லாம் செல்போனுக்கு ஆப் செய்து கோடீஸ்வரன் ஆகப் போகிறார்களாம். நான் கடைசியில் ஒரு 'பு' சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பதினேழு வயதுக்காரன் தன் மகனுக்குக் கடிதம் எழுதுவது முறையா என்று நீ கேட்பாய். முறைதான். எனக்கும் வயதாகிக்கொண்டு போகிறது. மீசை அரும்பிவிட்டது, குனிந்து நிமிர்ந்தால் முட்டியில் சத்தம் வருகிறது. நீ வளர்ந்து ஆளாகி மாப்பிள்ளைக் கோலத்தில் உட்காரும் நாளில் இதைப் பிரித்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இப்போதே எழுத வைத்தவர் என் அம்மா. நடந்தது இதுதான். அத்தாவின், அதாவது என் அப்பாவின், செல்போன் மணியை நான் ஆடு கத்தும் சத்தமாக மாற்றி வைத்திருந்தேன். வீட்டுக்குள் அடிக்கும், சிரிப்போம், மாற்றிவிடுவோம் என்பது திட்டம். அவரோ அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கல்யாணப் பிரியாணிக்குப் பேசி முடிக்கச் சின்னாளப்பட்டிக்குப் போய்விட்டார். பெண்ணைப் பெற்றவர், கறி பழசாக இருந்துவிடக் கூடாது என்று அவரிடம் அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்திருக்கிறார். பைக்குள்ளிருந்து ஆடு கத்தியது. ஒரு தடவை இல்லை, எடுக்கும்வரை கத்தியது. "ஏன் பாய், கறி புதுசா இருக்கணும்னுதான சொன்னோம். அதுக்காகப் பையிலயே போட்டுக் கொண்டாந்துட்டீங்களா?" என்று அவர் கேட்க, கல்யாண வீடே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்த அத்தா சிரித்துக்கொண்டே இதை அம்மாவிடம் சொன்னார். அம்மாதான் என் செல்போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "உனக்குன்னு ஒண்ணு பொறக்கும்ல, அது உன்னைய இப்படிப் படுத்தும்ல, அப்பத் தெரியும்டா" என்றார். அன்றிலிருந்து சோறு போடும்போதெல்லாம் அதையும் கூடவே பரிமாறுகிறார். அப்பத் தெரியும், அப்பத் தெரியும் என்றால், அதுவரை எதற்குக் காத்திருப்பது? நீ என்னைப் படுத்தத் தொடங்கும் முன்பே உனக்குப் புத்தி சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆகவே இந்தக் கடிதம். செல்போன் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, ஆகவே காகிதம்.

முதலில் நம் குடும்பத் தொழிலைத் தெரிந்துகொள். என் அத்தா கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குகிறவர். விறகு அடுப்பில்தான் ஆக்குவார், அதுவும் நத்தம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வரும் புளிய விறகில். கேஸ் அடுப்பைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "அது நெருப்பு இல்லடா, நெருப்ப வரைஞ்ச படம்" என்பார். புளிய விறகு நின்று எரியும். அதன் கங்கை அள்ளித் தேக்சாவின், அதாவது பிரியாணி அண்டாவின், மூடிமேல் பரப்பினால், உள்ளே இருக்கும் சோறும் கறியும் ஒன்றோடொன்று பேசிப் பழகி, மூடியைத் திறக்கும்போது ஒரே குடும்பமாக வெளியே வரும். ஆனால் அந்த விறகைப் பிளந்தாக வேண்டும். உலை கொதிக்க முழங்கை மொத்தத்தில் வேண்டும், அரிசி போட்ட பிறகு மணிக்கட்டு மொத்தத்தில் வேண்டும். கடையில் பிளந்து விற்கும் விறகு மொத்தமாக இருக்கும், பாதி ஈரமாக இருக்கும், எரிவதைவிட அதிகமாக இருமும். அதனால் அத்தாவே பிளப்பார். பிளந்து பிளந்து அவருடைய வலது தோள் இறுகிப்போனது. கை காதுக்கு மேலே ஏறவில்லை. சட்டை மாட்டிவிட அம்மா வர வேண்டியதாயிற்று. கோடாரியை இனிக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூலிக்குப் பிளக்க வந்துகொண்டிருந்தவர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் இருந்து அத்தாவைக் கூப்பிட்டார்கள். கேஸ் அடுப்பு, மாதச் சம்பளம், தங்குவதற்கு இடம். சின்னாளப்பட்டிக் கல்யாணம் முடிந்ததும் பதில் சொல்வதாக அத்தா சொல்லியிருந்தார். அன்றைக்கு மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு இருவரும் பேசினார்கள்.

"அங்க போயி கேஸ் அடுப்புல நிப்பீகளா?" என்றார் அம்மா.

"நிக்கத்தான் வேணும். தோளு நிக்க மாட்டேங்குதே."

"தேக்சாவெல்லாம்?"

"காதர் கேட்டான். குடுத்துறலாம்."

காதர் பாய் என்பவர் அத்தாவைப் போலவே கல்யாணங்களுக்குச் சமைப்பவர், தொழிலில் போட்டியாளர், மற்ற நேரங்களில் நண்பர். தேக்சாவைக் கொடுத்துவிடலாம் என்று அத்தா சொன்ன குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதுபோலச் சொன்னார். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு யோசித்தேன். பெருநாளுக்குப் பெருநாள் மட்டும் வீட்டுக்கு வருகிற அத்தாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? யாருடைய போனில் ஆடு வைப்பது?

கடைசி முயற்சியாக அத்தாவே ஒரு மெஷின் வாங்கி வந்தார். கொடைக்கானலில் ஒரு பங்களாவில் குளிர்காய விறகு பிளந்துகொண்டிருந்த பழைய மெஷின். கரண்டில் ஓடும், ஒரு ஆள் படுத்திருக்கும் நீளம்கூட இருக்காது. கட்டையைப் படுக்கவைத்துப் பொத்தானை அமுக்கினால், பின்னாலிருந்து ஓர் இரும்புத் தண்டு கட்டையைத் தள்ளும். முன்னால் அசையாமல் நிற்கும் ஆப்பின்மேல் கட்டை போய் ஏறிப் பிளந்துகொள்ளும். பிளந்துகொள்ள வேண்டும், அதுதான் ஒப்பந்தம். மலையில் அது பார்த்ததெல்லாம் பைன், யூகலிப்டஸ் என்று மரியாதை தெரிந்த மரங்கள். ஆப்பைக் காட்டினாலே வழிவிட்டு விலகும். நம் புளியங்கட்டை அப்படி இல்லை. அதன் நார் நேராக ஓடாது; முறுக்கிக்கொண்டு, தன்னைத்தானே கட்டிப்பிடித்துக்கொண்டு வளர்ந்திருக்கும். மேட்டில் பிறந்த மெஷின் சமவெளியில் இறங்கியதும் மூச்சு வாங்கியது. முதல் கட்டையிலேயே தண்டு பாதி தூரம் தள்ளிவிட்டு நின்றது. மோட்டார் மட்டும் ம்ம்ம் என்று உறுமியது. மெஷினோடு வந்த ஆப்பு குட்டையாக, மொண்ணையாக, பார்க்க ஒரு மூக்கடைத்த ஆள் மாதிரி இருந்தது. கட்டையில் விரல் நுழையும் அளவுக்குக் காயம், அவ்வளவுதான்.

"இது மெஷினா, புது மாப்பிள்ளையா? உறுமல் மட்டும்தான் வருது, வேலை ஒண்ணும் நடக்கக் காணோம்" என்றார் அத்தா. சிரித்தார். ஆனால் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போனவர் அதன் பக்கமே திரும்பவில்லை.

மகனே, இந்த இடத்தில்தான் உன் அப்பன் உள்ளே நுழைகிறான். அப்பன் ஆப்பைக் கண்டான். தப்பு மெஷினில் இல்லை, மூக்கில்தான் என்று எனக்கு ஒரே நிமிடத்தில் பட்டது. நத்தம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் மாமு, அம்மாவின் தம்பி, கேட்டும் கிரில்லும் செய்கிறவர். அவரிடம் ஓடினேன். "மாமு, நாலு பக்கமும் றெக்கை வச்ச ஆப்பு ஒண்ணு வேணும். ஒரே தள்ளுல கட்டை நாலாப் போகணும்" என்றேன். மாமு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டாப் போகவே மாட்டேங்குதுன்ற. நாலாக் கேக்குற?" என்றார். "அதான் மாமு பொறியியல்" என்றேன். பேசத் தெரிந்தவனுக்குப் பட்டறையில் இரும்பு கிடைத்துவிடும் என்பதை நீ அறிந்துகொள். பழைய ஆப்பின்மேல் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ளும்படி, கூட்டல் குறி வடிவத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார். பட்டறையில் கிடந்த சிவப்பு பெயின்ட்டில் அதற்கு 'வீராப்பு' என்று பெயரும் எழுதினேன். வீரமும் ஆப்பும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே சொல். தமிழில் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அத்தாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அம்மாவும் வந்து நின்றார். கட்டையை வைத்தேன், பொத்தானை அமுக்கினேன். வீராப்பு கட்டைக்குள் கொஞ்சம் நுழைந்தது. நான்கு றெக்கையும் நான்கு பக்கமும் கடித்துக்கொண்டது. பிறகு நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தண்டைப் பின்னுக்கு இழுத்தால் கட்டை ஆப்பிலேயே தொங்கிக்கொண்டு, எங்களை வேடிக்கை பார்த்தது. நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். சுத்தியலால் தட்டினேன். தட்டிய தட்டில் ஒரு சிராய் பறந்து போய் அம்மாவின் பிளாஸ்டிக் வாளியை ஓட்டை போட்டது.

"நாலாப் போகும்னு சொன்ன. வாளிதான் போயிருக்கு" என்றார் அம்மா.

"விடு, புள்ளைய வையாத. பரவால்லடா, செஞ்சுதான பாத்த" என்றார் அத்தா. அந்தப் பரவாயில்லைதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் சிரித்துக்கொண்டு ஓடியிருப்பேன். அவர் எழுந்து இடது கையாலேயே நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் காதர் பாய் வந்து தேக்சாக்களைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொரு தட்டும் எனக்குத்தான் விழுந்தது.

இப்போது முக்கியமான பாடம் வருகிறது, நிமிர்ந்து உட்கார். தோற்றவன் என்ன செய்ய வேண்டும்? யோசிக்க வேண்டும். உன் அப்பன் யோசித்தான். நான்கு பக்கம் ஒரே நேரத்தில் கேட்டால் கட்டைக்கும் கோபம் வரும். முதலில் மெல்லிசாக உள்ளே போக வேண்டும், போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அகல வேண்டும். ஊசி நுழைகிற மாதிரி நுழைந்து, விருந்தாளி உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிட வேண்டும். ஆப்பின் கோணம் குறையக் குறைய அதே தள்ளலுக்கு அது அதிகமாகப் பிளக்கும். இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. வீடியோ பார்க்கச் செல்போன் இல்லை, ஆகவே எல்லாம் சொந்த மூளை. கணக்குப் போட்டேன், படம் வரைந்தேன், மறுபடி மாமுவிடம் போனேன். பழைய லாரியிலிருந்து கழற்றிய வில்பட்டை ஒன்று பட்டறையில் கிடந்தது. லாரியின் மொத்தப் பாரத்தையும் தாங்கி வளைந்து கொடுக்கும் இரும்பு அது. அதை வைத்து இரண்டாவது ஆப்பு பிறந்தது. முன்னால் கத்தி போல மெலிந்து, ஒரு சாண் தூரம் மெல்ல மெல்லப் பருத்து, அதற்குப் பிறகுதான் தோள் விரியும். மூக்கு நீண்டதால் கட்டைகளைக் கொஞ்சம் குட்டையாக அறுத்துக்கொள்ள வேண்டும்; அதுவும் நல்லதுதான், அடுப்புக்குள் முழுசாக அடங்கும். இந்தத் தடவை பெயர் எழுதவில்லை. வாங்கிய அடி அப்படி.

ஆப்பைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டிருந்தபோது அத்தா தற்செயலாகக் கொல்லைக்கு வந்துவிட்டார். நின்று பார்த்தார். பிறகு விறகுக் குவியலுக்குப் போய், எல்லாரும் ஒதுக்கிவைத்திருந்த ஒரு கட்டையைக் காலாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கிளை பிரிகிற இடத்துக் கணு. கோடாரி எத்தனையோ தடவை பட்டுத் தெறித்த தழும்பு அதில் இருந்தது.

"இதை வையி" என்றார்.

"அத்தா, முதல்ல சின்னதா ஒண்ணு..."

"சின்னதை உங்கம்மாவே அருவாமனையில பொளப்பா. இதை வையி."

வைத்தேன். இந்த மெஷினில் ஒரு கை பொத்தானில் இருக்க வேண்டும், இன்னொரு கை பிடியில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை எடுத்தாலும் நின்றுவிடும். ஆகவே விரலை உள்ளே விடுவதற்கு மூன்றாவது கை வேண்டும். நீ எந்தக் காலத்திலும் மூன்றாவது கைக்கு ஆசைப்படாதே, பிடியைக் கயிற்றால் கட்டிவைக்கிற புத்திசாலித்தனமும் வேண்டாம். அமுக்கினேன். தண்டு தள்ளியது. மோட்டார் ம்ம்ம் என்று ஆரம்பித்தது. அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குள் போய் நின்றுகொண்டார். மூக்கு நுழைந்தது. ம்ம்ம். இன்னும் நுழைந்தது. மோட்டாரின் சத்தம் கனத்தது, நின்றுவிடப் போகிறது என்று நினைத்தேன். அப்போது கட்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. மெஷின் போடும் சத்தம் இல்லை அது, மரம் போடும் சத்தம். நார் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. பிறகு சடாரென்று ஒரு வெடி. கணு இரண்டாகத் திறந்து இரண்டு பக்கமும் உருண்டது. வெளியே வெளுத்திருந்த கட்டையின் நடுவில் கத்தரிக்காய் நிறத்தில் வயிரம் பாய்ந்த உள்மரம் பளபளத்தது.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சுவர்மேல் இருந்த பூனை தெருவில் குதித்தது. அத்தா குனிந்து ஒரு பாதியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். "வையிடா அடுத்ததை" என்றார். அடுத்ததை வைத்தேன். சடார். அதற்கடுத்தது. சடார். கொஞ்ச நேரத்தில் அத்தாவே பிடியைக் கேட்டு வாங்கினார். பொத்தானும் பிடியும் இடுப்பு உயரத்தில்தான் இருக்கின்றன, கையை மேலே தூக்கவே வேண்டாம். ஒவ்வொரு சடாருக்கும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று கழன்று விழுந்துகொண்டே வந்தது. குவியலில் பாதி முடிந்தபோது அவர் என் வயதுப் பையன் மாதிரி இருந்தார். அம்மா மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டும் இருவரும் போகவில்லை. "அத்தாவும் மகனும் வெறகையே திங்கப் போறீகளா?" என்று கேட்டுவிட்டு, அவரும் வந்து ஒரு கட்டையை வைத்துப் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். சடார் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாளிக்கான வஞ்சத்தைத் தீர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

சின்னாளப்பட்டிக் கல்யாணத்துக்கு எல்லாம் நம் கொல்லையில் பிளந்த விறகுதான். விடிகாலைச் சுபுஹு தொழுகை முடிந்து பிஸ்மி சொல்லி அத்தா அடுப்பைப் பற்றவைத்தார். முழங்கை மொத்தம், மணிக்கட்டு மொத்தம், விரல் மொத்தம் என்று அவர் கேட்கக் கேட்க நான் எடுத்துக் கொடுத்தேன். ஆபரேஷன் நடக்கிற மாதிரி இருந்தது. மூடியைத் திறந்தபோது வந்த வாசனையில் பெண்ணைப் பெற்றவரே பந்தலை விட்டு அடுப்படிக்கு வந்துவிட்டார். "பாய், அந்த ஆட்டுக்கு ஒரு போன் போட்டு நன்றி சொல்லணும்" என்றார். விருந்துக்கு வந்திருந்த காதர் பாய் விறகை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "யாரு பொளந்தது? ஒரே சீரா இருக்கு" என்றார். அத்தா என்னைக் காட்டினார். "எம் மகன். கணக்குப் போட்டு மெஷினுக்கு ஆப்பு செஞ்சிருக்கான்." காதர் பாய் என் பக்கம் திரும்பினார். "எத்தனை டிகிரிடா வச்ச?" என்றார். "பதினெட்டு" என்றேன், கண் இமைக்காமல்.

அங்கேயே, அடுப்பின் பக்கத்திலேயே நின்று அத்தா கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். "இல்லைங்க, நான் வரலைங்க. தோளு அப்படியேதான் இருக்கு. பையன் மெஷினைச் சரி பண்ணிட்டான். பதினெட்டு டிகிரி" என்றார். அந்த ஓட்டல்காரருக்குப் பதினெட்டு டிகிரி என்றால் என்ன புரிந்ததோ, கோயம்புத்தூரின் குளிரைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார். காதர் பாயிடம் அத்தா சொன்னார்: "தேக்சா இல்லப்பா. அதை மறந்துரு." காதர் பாயும் விடவில்லை. "அப்ப எனக்கும் அந்த மாதிரி ஒரு மெஷின் பாத்துக் குடு. ஆப்பு உம் மகன் செய்யட்டும்." அத்தா என்னைக் கேட்காமலேயே சரி என்றார். அவ்வளவு நம்பிக்கை.

இதுதான் மகனே, உன் அப்பன் தன் மூளையால் ஒரு குடும்பத்தைப் பிளவுபடாமல் காத்து, விறகை மட்டும் பிளவுபடுத்திய கதை. நீயும் வாழ்க்கையில் கணக்கை நம்பு, கோணத்தைக் கவனி, முரட்டுக் கட்டையைக் கண்டு பயப்படாதே. உன் கல்யாணத்துக்குப் பிரியாணி உன் தாத்தாவே ஆக்குவார், புளிய விறகில்.

இப்படிக்கு, உன்னைப் பெறப் போகும் அப்பன்.

மேலே கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடியது நேற்று. இன்றைக்குத் திரும்ப எடுத்திருக்கிறேன். காதர் பாய்க்கு மெஷின் வந்துவிட்டது. காலையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், புது ஆப்புக்குக் கணக்குப் போட. அத்தா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தொந்தரவு செய்யக் கூடாது என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து போனார். அந்த நடையைப் பார்த்ததும் என்னால் உட்கார முடியவில்லை. நேற்று எழுதியதை எடுத்துப் படித்தேன். 'கணக்குப் போட்டேன், படம் வரைந்தேன்' என்று ஓர் இடம் வருகிறது பார், அதில் படம் மட்டும்தான் உண்மை. அந்தப் படத்தில் மூக்கு நான்கு விரல் நீளம்தான், பழைய மொண்ணை மூக்குக்குத் தம்பி மாதிரி. மாமு வில்பட்டையை முழுசாகத் தொப்பியில் பற்றவைத்துவிட்டு, நான் வரைந்த அளவில் சாக்பீஸால் கோடு போட்டு, மிச்சத்தை அறுக்கக் கேஸ் கட்டரைக் கையில் எடுத்தார். பற்றவில்லை. சிலிண்டரை ஆட்டிப் பார்த்தார். "கேஸ் தீந்துபோச்சு மாப்ள. நாளைக்கு சிலிண்டர் வந்ததும் மூக்கை அறுத்துத் தாரேன். இப்போதைக்கு இப்படியே கொண்டு போயி, தொப்பி சரியா உக்காருதான்னு மட்டும் மாட்டிப் பாரு" என்றார். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எப்படியாவது இன்றைக்கே அறுங்கள் மாமு என்று நான் கெஞ்சினேன். கெஞ்சியும் நடக்கவில்லை. கோணமானியை வைத்து இன்றுதான் முதல் தடவையாக அளந்தேன். பதினெட்டும் இல்லை, பதினெட்டுக்குப் பக்கத்திலும் இல்லை.

அத்தா கொல்லையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைத்தாளோடு போய் நின்றேன். "அத்தா, கணக்கெல்லாம் ஒண்ணும் போடலை. மாமு பட்டறையில கேஸ் தீந்துபோச்சு. அதான் மூக்கு நீளமா நின்னுபோச்சு" என்றேன். பதினெட்டு டிகிரி நானாக அடித்துவிட்டது என்பதையும் சொன்னேன். உரித்த பூண்டைக் கையில் வைத்தபடியே அவர் என்னைப் பார்த்தார். கோயம்புத்தூர் நம்பர் இன்னும் அவர் போனில் இருக்கிறதா என்றெல்லாம் எனக்கு ஓடியது. "கேஸா?" என்றார். "கேஸ்தான்" என்றேன். அவர் உதடு கோணியது. பிறகு சிரித்தார் பார், பூண்டு சிதறி ஓட, கண்ணில் தண்ணீர் வர, தோளைப் பிடித்துக்கொண்டு "வலிக்குதுடா, வலிக்குதுடா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மாவிடம், "இம்புட்டு வருசமா நான் வஞ்ச கேஸுடி, அதுதான் நம்ம அடுப்பைக் காப்பாத்தியிருக்கு" என்றார். பிறகு என் கையிலிருந்த வெள்ளைத்தாளை வாங்கி, மடித்து, பூண்டுத் தோலை அதில் அள்ளிப் போட்டு என்னிடமே கொடுத்தார். காதர் பாய்க்கான ஆப்பை மாமுவின் சிலிண்டர் காலியாக இருக்கிற நாளாகப் பார்த்துப் போய்ச் செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.